கசிவு

வண்டியின் எடையைத் தாங்குவது இரும்பு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். லாரியின் அடியில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட கமான் பட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு எண்ணம் தோன்ற வழியில்லை. ஆயினும் அந்த இரும்புக்கும் சாலைக்கும் நடுவே நெடுங்காலமாகக் காற்று இருந்து வருகிறது. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இல் முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அது மறக்கப்பட்டுப் போக, 1888இல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டடைந்தார். டயரில் இருந்த காற்று இன்னும் ஒரு படி மேலேறி, சுருள்வில் இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டதே ஏர் சஸ்பென்ஷன்.

அதன் அமைப்பு எளிது. நான்கு சக்கரங்களுக்கு மேலே நான்கு ரப்பர்ப் பைகள். அவற்றுக்குக் காற்றை அழுத்தித் தர ஒரு கம்ப்ரஸர். சேமித்து வைக்க ஒரு கலம். பங்கிட்டு அனுப்ப ஒரு வால்வுத் தொகுதி. ஒவ்வொரு மூலையும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல உணரிகள். அவை சொல்வதைக் கேட்டு ஆணையிட ஒரு சிறு கணினி. கரடுமுரடான பாதை வந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வண்டி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். இரும்பு வில்லால் இயலாத காரியம் இது.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அடிலெய்டில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடன் ஊட்னடாட்டா தடத்தில் பயணம் செய்தேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் நீளும் மண்பாதை அது. அரபானா மக்களின் நிலத்தினூடே செல்வது. 1980இல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில்பாதையின் தண்டவாளமற்ற மேடுகளும் பாலங்களும் பாதை நெடுகக் கூடவே வருகின்றன. அந்த நெடும்பாலையில் ரயில் ஏன் அவ்வழியே போனது என்பதற்கு விடை, நிலத்தடியிலிருந்து தானாகப் பொங்கும் நீரூற்றுகள். நீராவி இயந்திரத்துக்கு அவை தேவைப்பட்டன. 1872இல் முடிந்த தந்திக் கம்பித் தடமும், அதற்கு முன் ஸ்டூவர்ட்டின் தேடல் பயணங்களும் அந்த ஊற்றுகளைப் பற்றிக்கொண்டே சென்றன. அரபானா மக்களோ அவர்களுக்கெல்லாம் முன்பே பல்லாயிரம் ஆண்டுகளாக அவற்றை அறிந்திருந்தவர்கள்.

பாதையின் பரப்பு தகரக் கூரையைப் போல் வரிவரியாக இருந்தது. அந்த வரிகளின் மேல் மணிக்கணக்காக ஓடும் வண்டியின் ஒவ்வொரு திருகும் தன் இடத்தில் இருப்பது சரிதானா என்று ஐயுறத் தொடங்கிவிடும். கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற பழைய ரயில் நிலையத்தை அடைய இன்னும் 15 கிலோமீட்டர் இருந்தபோது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முன்புறத்து இடது மூலை தாழ்ந்தது. சற்று நேரத்தில் மற்ற மூன்று மூலைகளும் தாழ்ந்தன. அவற்றில் பழுது ஏதுமில்லை. ஒரு மூலையை உயர்த்த இயலாதபோது, வண்டி சாய்ந்துவிடாதிருக்க மற்றவற்றின் காற்றையும் கணினி வெளியேற்றிவிடுகிறது. கடைசியில் ரப்பர்த் தடுப்புக் கட்டைகளின் மேல் வண்டி அமர்ந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே கைவிரல்கள் நுழையும் அளவுக்கே இடைவெளி இருந்தது.

கண்ணுக்கு எட்டிய தொலைவில் மரமில்லை, கைப்பேசிக்கு அலையில்லை. தண்ணீர் நாற்பது லிட்டர் இருந்தது. நண்பர் இறங்கி, மண்ணில் குந்தியிருந்து, சிறிது நேரம் காதைக் கொடுத்தார்.

“எங்கயோ ஒரு இடத்தால காத்துப் போகுது, தம்பி. காத்துத்தானே. எங்க போகுது எண்டு கண்டுபிடிச்சாச் சரி.”

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெட்ரோலின்றி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊரிலிருந்து வந்தவர் அவர். அவருடைய நிதானம் எனக்கும் ஒருவாறு தொற்றியது.

முதலில் ஜாக்கியை ஏற்றி, சட்டகத்தின் அடியில் மரக்கட்டைகளையும் உபரிச் சக்கரத்தையும் முட்டுக்கொடுத்தோம். காற்றை நம்பி நிற்கும் வண்டியின் அடியில் முட்டுக்கொடுக்காமல் நுழைவது உயிருக்கு ஆபத்து; பை எந்த நொடியிலும் சுருங்கிவிடலாம். பிறகு ஃபியூஸைப் பார்த்தார். எரிந்திருந்தது. புதியதைப் போட்டார், அதுவும் எரிந்தது. கம்ப்ரஸரின் உறையைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அது இனி எழாது என்பது தெளிவாயிற்று. கணினி மேலும் குறுக்கிடாதபடி அதன் ஃபியூஸையும் கழற்றி வைத்தார்.

டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப் எங்களிடம் இருந்தது. அதோடு, இத்தகைய நாளுக்கென்றே அவர் வாங்கி வைத்திருந்த நான்கு வால்வுகளும் இருந்தன. பைகளுக்குச் செல்லும் பிளாஸ்டிக் குழாய்களில் மிஞ்சியிருந்த அழுத்தத்தை மெல்ல வெளியேற்றி, வால்வுத் தொகுதியிலிருந்து அவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வால்வைப் பொருத்தினார். இனி ஒவ்வொரு பையும் தனித்தனி டயரைப் போன்றதுதான். டயருக்கு 30 பவுண்டு காற்று போதும். இவற்றுக்கு அதைப்போல் மும்மடங்குக்கும் மேல் அடிக்க வேண்டியிருந்தது. பம்ப் சூடேறச் சூடேற நிறுத்தி நிறுத்தி அடித்தோம். வண்டி அங்குலம் அங்குலமாக எழுந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தபோது, இடது முன்பையின் மடிப்பில் மெல்லிய நுரை கண் திறந்தது. ரப்பர் மடிந்து விரியும் இடத்தில் மயிரிழை போன்றதொரு விரிசல்.

அன்றிரவு கவர்ட் ஸ்பிரிங்ஸில் தங்கினோம். மறுநாள் மரீக்குத் திரும்பும் 130 கிலோமீட்டரையும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தோம். 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, அந்த ஒரு பைக்கு மட்டும் காற்றடித்தோம். மற்ற மூன்றும் ஒரு சொட்டும் இழக்கவில்லை.

இரவில் நெருப்பருகே அமர்ந்திருந்தபோது நண்பர் அதன் காரணத்தை விளக்கினார். கம்ப்ரஸர் தன் குறையால் சாகவில்லை. விரிசல் பல வாரங்களாகவே இருந்திருக்க வேண்டும். போகும் காற்றை ஈடுசெய்ய அது ஓய்வின்றி ஓடியிருக்கிறது. மட்டம் குறையாதவரை கணினிக்கு எல்லாம் நலமே. ஆகவே விளக்கு எரியவில்லை. பயணத்துக்கு முன் சோதித்த பணிமனையும் நலம் என்றே சொல்லியிருந்தது.

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “நான் வந்த புதுசில பகல் டாக்ஸி, இரவு ஒபிஸ் கிளீனிங். அஞ்சு வருசம். வீட்டுக்கு போன் எடுத்தா எல்லாம் நல்லா இருக்கு எண்டுதான் சொல்லுவன். காசும் மாசாமாசம் போகும். மட்டம் குறையேல்லைத்தானே, ஆருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியில படுத்த பிறகுதான் தெரிஞ்சுது.”

அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தம்பிமாருக்கும் தங்கைக்கும் அவர் செய்ததை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன், ஒரு வெற்றிக்கதையாக. மாதந்தோறும் தவறாது வந்த பணத்தை எல்லோரும் எண்ணினார்கள். அதற்காக ஓடியது எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் அமர்ந்திருந்த இடமே இதற்கொரு சான்று. அங்குள்ள ஆழ்துளைக் கிணறு 1886இல் தோண்டப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பின் கீழே பரந்து கிடக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகையில், நீர் தன் சொந்த அழுத்தத்தால் மேலெழுகிறது. துளையிட்டால் போதும், பம்ப் தேவையில்லை. 1915ஐ ஒட்டி ஏறத்தாழ 1,500 கிணறுகள் இவ்வாறு பொங்கின. பலவற்றுக்கு மூடியே இல்லை. திறந்த வாய்க்கால்களில் விடப்பட்ட நீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகியும் மண்ணில் ஊறியும் வீணாயிற்று. நீர் வந்துகொண்டே இருந்ததால் இழப்பு எவர் கண்ணிலும் உறுத்தவில்லை. அழுத்தம் குறைந்து, சில இடங்களில் இயற்கை ஊற்றுகள் வற்றிய பிறகே விழித்துக்கொண்டார்கள். 1999இல் தொடங்கிய ஓர் அரசுத் திட்டம் நூற்றுக்கணக்கான கிணறுகளுக்கு மூடியிட்டது. சில பகுதிகளில் அழுத்தம் மீண்டு வந்திருக்கிறது. கவர்ட் ஸ்பிரிங்ஸ் கிணறும் 1993இல் சீர்செய்யப்பட்டுவிட்டது.

ஏர் சஸ்பென்ஷனைக் கழித்துவிட்டு இரும்பு வில்லைப் பொருத்துவதே பாலைக்கு உகந்தது என்பார் பலர். அதில் நியாயம் உண்டு. நண்பர் அவ்வாறு செய்யவில்லை. பையையும் கம்ப்ரஸரையும் மாற்றிவிட்டு, ஒரு பழக்கத்தை மட்டும் மேற்கொண்டார். இரவு வண்டியை நிறுத்தியதும் நான்கு மூலைகளிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்கிறார். காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன் மறுபடியும் அளக்கிறார். இயந்திரம் ஓடத் தொடங்கிய பின் அளந்து பயனில்லை. அப்போது நான்கும் சமமாகவே இருக்கும்.