முப்பத்திரண்டு குழிகள்

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்கு வீட்டில் மரியாதை உண்டு, வேலை கிடையாது. மலாவிக்குத் தன்னார்வலராகப் போகிறேன் என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு அந்த வெறுமைதான் காரணம். "இந்த வயசில் ஆப்பிரிக்காவா?" என்று கேட்டவர்களிடம் மட்டும் 'சேவை' என்று சொல்லி வைத்தேன்.

போய்ச் சேர்ந்தது சோம்பா மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளி. 1994-இல் பல கட்சித் தேர்தலில் வென்று வந்த புதிய அரசு, மலாவியில் தொடக்கக் கல்விக்குக் கட்டணத்தை நீக்கியது. சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை கிடுகிடுவென 30 லட்சத்தை எட்டியது. பிள்ளைகள் வந்த வேகத்தில் கட்டடமும் வரவில்லை, வாத்தியாரும் வரவில்லை. அந்தப் பற்றாக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. எனக்குக் கிடைத்த இரண்டாம் வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல். பெஞ்சு கிடையாது, சிமெண்டுத் தரைதான். அறை கிடைக்காத வகுப்புகள் மாமரத்தடியில் நடந்தன.

வாசலில் என் கையைப் பிடிக்கப் போட்டி நடக்கும். ஜடையைத் தொட்டுப் பார்க்க வரிசை நிற்கும். வேலை பார்த்த காலமெல்லாம் என்னைக் கண்டதும் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதுதான் எனக்குப் பழக்கம். அதனால் இது பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் வகுப்புக்குள் போனதும் அதே பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

அங்கே எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிடும் வகுப்பாசிரியை கைதட்டி ஒரு தாளம் போடுவார். நூறு பேரும் பதில் தாளம் போட்டு அமைதியாகிவிடுவார்கள். குழுத் தலைவர்கள் எழுந்து சோடா மூடிகளையும் குச்சிகளையும் பங்கிடுவார்கள். கையில் கிடைப்பதை வைத்துப் பாடம் நடத்துவதை அந்த நாட்டு ஆசிரியர் பயிற்சியிலேயே ஒரு முறையாகக் கற்றுத்தருகிறார்கள்.

ஒரு இடைவேளையில் மாமரத்தடியில் பையன்கள் மண்ணில் குழி தோண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பாவோ என்பது அந்த ஆட்டத்தின் பெயர். வரிசைக்கு எட்டாக நான்கு வரிசை, 32 குழிகள். குழிக்கு இரண்டு கல் என்று தொடங்கினால் 64. பதினான்கு குழிப் பல்லாங்குழியில் பாட்டியையே தோற்கடித்தவள் நான். சும்மா இருக்க முடியுமா? எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று சைகை காட்டி, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயித்த கல்லை எடுத்ததும் பழக்கதோஷத்தில் மடியில் போட்டுக்கொண்டேன். கூட்டம் சிரித்து உருண்டது. பாவோவில் எதிராளியின் கல்லைப் பிடித்தால் தன் பக்கத்துக் குழிகளிலேயே விதைக்க வேண்டும். ஒரு கல்லும் ஆட்டத்தை விட்டு வெளியே போகாது. வகுப்பில் பேசவே பேசாத ஒரு பையன் கற்களை என்னிடமிருந்து வாங்கி, எனக்குப் புரிகிறவரை திரும்பத் திரும்ப விதைத்துக் காட்டினான். ஏழையும் ஒன்பதையும் கூட்டச் சொன்னால் தரையைப் பார்க்கிறவன் அவன். இங்கேயோ ஒரு குழியிலிருந்து ஒன்பது கல்லை எடுப்பதற்கு முன்பே கடைசிக் கல் எந்தக் குழியில் விழும் என்று விரல் நீட்டினான்.

மேடத்திடம் சொன்னேன். சிரித்தார். மறுநாள் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குழிகள் வரைந்து, சோடா மூடிகளை வைத்து அவரே கூட்டல் நடத்தினார். நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிச்சேவா மொழியில் எண்ணினேன். தப்பாகச் சொன்னபோதெல்லாம் நூறு குரல்கள் திருத்தின. அதற்குப் பிறகு யாரும் என் ஜடையைத் தொட வரவில்லை; ஆட்டத்துக்குக் கூட்டிப்போக வந்தார்கள்.

இதைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. ஜனவரி, பிப்ரவரி அங்கே பசி மாதங்கள். பழைய மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதியது வயலில் முற்றியிருக்காது. குடும்பங்கள் 'கன்யு' என்கிற தினக்கூலி வேலைக்குப் போகும். வகுப்பில் இடம் தாராளமாகிவிடும். அந்தப் பையனும் சில வாரம் வரவில்லை. என் பிரியத்தால் அவன் வீட்டு அடுப்பு எரியவில்லை.

ஆனாலும் ஒன்று விளங்கியது. கொடுக்க வந்தவரிடம் பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கும், நன்றியும் இருக்கும். தான் சொல்லிக்கொடுத்து ஒருவர் தேறுவதைப் பார்க்கும்போதுதான் ஒட்டுதல் வருகிறது. ஊரில் இத்தனை வருடம் பாடம் நடத்தியும், ஒரு மாணவனிடம்கூட "எனக்கு இது தெரியாது, நீ சொல்லு" என்று நான் கேட்டதில்லை.

இப்படிப் போக நினைக்கிறவர்கள் பென்சிலும் மிட்டாயும் தாராளமாகக் கொண்டுபோகலாம். போனதும் உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பை மட்டும் உள்ளூர் ஆசிரியர் கையிலேயே விட்டுவையுங்கள். நீங்கள் விமானம் ஏறிய மறுநாளும் அந்த நூறு பேர் முன்னால் நிற்கப் போகிறவர் அவர்தான்.