மைன்ஸ் நகரில் ஒரு பகல்

2017ஆம் ஆண்டு மே மாதம். சுவிற்சர்லாந்தில் வாழும் என் தங்கை குடும்பத்தினருடன் பாசல் நகரிலிருந்து ரைன் நதிவழியே பயணித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை கப்பல் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் கரையணைந்தது. மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி எங்களை இறக்கிவிட்டார்கள்.

செம்மணற்கல்லால் எழுந்த பேராலயத்தைச் சுற்றிச் சந்தை கூடியிருந்தது. மலர்கள், பாற்கட்டிகள், அந்தப் பருவத்துக்கே உரிய வெள்ளை அஸ்பரகஸ் தண்டுகள். முதல் ஆலயம் 1009இல் திறப்பு விழாவின்போதே தீக்கிரையானதாம். 1945 பெப்ரவரி 27ஆந் திகதி நடந்த குண்டுவீச்சில் நகரமே எரிந்தது. போரில் சேதமுற்ற புனித ஸ்டெபான் தேவாலயத்துக்கு, யூதரான ஓவியர் மார்க் ஷகால் ஒன்பது நீலச் சாளரங்களைப் படைத்தளித்தார். 1978இல் முதற் சாளரம் பொருத்தப்பட்டபோது அவருக்கு வயது 91. தங்கை குடும்பத்தினர் அவற்றைக் காணச் சென்றனர். நான் மட்டும் கூட்டன்பேர்க் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். பத்திரிகைக்காரனுக்கு வேறு கோயில் ஏது?

இருட்டறையொன்றில், கண்ணாடிப் பேழைக்குள், பக்கத்துக்கு 42 வரிகள் கொண்ட அந்த விவிலியம் இருந்தது. ஏறத்தாழ 180 பிரதிகள் அச்சிடப்பட்டன என்பர். ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மையின் கருமை குன்றவில்லை. ஆனால் அதை உருவாக்கியவருக்குக் கிடைத்தது என்ன? கடன் கொடுத்த யோகான் ஃபுஸ்ட் 1455இல் வழக்காடி வென்றார். 1457இல் வெளியான சங்கீத நூலில் ஃபுஸ்டும் அவருடைய கூட்டாளி ஷோபரும் தங்கள் பெயர்களைப் பொறித்துக்கொண்டனர். கூட்டன்பேர்க்கின் பெயரோ, அவர் அச்சிட்டதாக இன்று கருதப்படும் எந்த நூலிலும் இல்லை.

கீழ்த்தளத்தில் ஒரு முதியவர் பழைய முறைப்படி ஒரு பக்கத்தை அச்சிட்டுக் காட்டினார். மை மணம் மூக்கில் ஏறியதும் நான் யாழ்ப்பாணத்தில் நின்றேன்.

1990களின் தொடக்கம். பொருளாதாரத் தடையால் மின்சாரமும் இல்லை, பத்திரிகைத் தாளும் இல்லை. அப்பியாசக் கொப்பிக்கான கோடிட்ட தாளிலும் பத்திரிகை வெளிவந்த காலம். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அச்சுக்கோப்பவர் ஒருவர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி அடுக்குவார். எல்லோருக்கும் அவர் ‘அண்ணை’. பட்டதாரியான என் றகர ரகரப் பிழைகளை, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவரே திருத்துவார். “தம்பி, நீர் ஒரு சொல்லைக் கூட்டினால் எனக்கு எத்தனை எழுத்துத் தெரியுமோ?” என்று ஒருநாள் கேட்டார். சுருக்கமாக எழுத நான் கற்றது அன்றைக்குத்தான்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இடம்பெயர்ந்தபோது அவரை இறுதியாகச் சனத்திரளில் கண்டேன். சில ஆண்டுகளின் பின் வன்னியில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். ஊராரின் மரண அறிவித்தல்களையெல்லாம் கோத்த அந்த மனிதருக்கு ஓர் அறிவித்தலும் வரவில்லை. அதை எழுதியிருக்க வேண்டியவன் நான். எழுதவில்லை.

மைன்ஸில் அந்த முதியவர் அச்சிட்ட தாளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அண்ணையைப் பற்றி இப்போதாவது எழுத வேண்டும் என்று எண்ணினேன். அக்கணமே இன்னொன்றும் உறைத்தது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது!

ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டது. பேராலயத்தின் கோபுரங்கள் மறையும்வரை மேற்தளத்தில் நின்றேன். இரவு, அக்காலத்தில் எங்களோடு பணியாற்றி இப்போது கனடாவில் வாழும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார்.

“அண்ணை எண்டுதானே கூப்பிட்டனாங்கள்” என்றார்.