பிரித்துத் தைக்க இடம் விட்ட ரவிக்கை

பொன்மலை என்றதும் திருச்சிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ரயில்வே பட்டறைதான். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே இடம் மாறி வந்தது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின்களைப் புதிதாகவே செய்து கொடுத்த பட்டறை அது. அந்த மலைக்கென்றே அளவெடுத்துச் செய்த இன்ஜின்கள். அதே பொன்மலையில் அளவெடுத்துச் செய்யும் இன்னொரு சின்னப் பட்டறையைப் பார்க்கப் போயிருந்தேன். ரயில்வே குடியிருப்பைத் தாண்டி ஒரு தெருவில், வீட்டு முன்னறையைத் தையலுக்கும் ஆரி வேலைக்கும் ஒதுக்கியிருக்கிறார் ஓர் அக்கா. கல்யாண ரவிக்கைதான் அவருக்குப் பிழைப்பு.

அறையின் பாதியை மரச்சட்டம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் துணியைத் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். டிரேஸ் பேப்பரில் வரைந்த மாதிரியை ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்டு, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் கோலப்புள்ளிபோல வடிவம் இறங்கிவிடுகிறது. பிறகு கொக்கி ஊசி. மேலே வலக்கை ஊசியைக் குத்துகிறது, துணிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடக்கை நூலை மாட்டிவிடுகிறது. எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் சட்டத்தைப் பார்த்த நேரத்தைவிடத் தங்களுக்குள் பேசிக்கொண்ட நேரம்தான் அதிகம். சங்கிலித் தையல் ஒரு சீராக நீண்டுகொண்டே போனது.

ஆரி ரவிக்கையில் துணியை வெட்டுவது கடைசியில்தான். கழுத்து, கை, முதுகு எல்லாவற்றுக்கும் முழுத் துணியிலேயே வேலை முடிந்த பிறகுதான் கத்தரி. அதனால் தப்பு நடந்தால் திருத்த வழியில்லை. அக்காவின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அந்த வெட்டுக்கோட்டில் இருக்கிறது.

"பூவைத் தையல் வரைக்கும் இழுத்துட்டா பார்க்க நெறைஞ்சு இருக்கும். ஆனா பின்னாடி பிரிச்சு விட முடியாதுங்க. கல்லும் மணியும் தையலுக்குள்ள மாட்டிக்கும். நான் ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் சும்மா விட்டுடுவேன். பொண்ணுங்க கேக்க மாட்டாங்க, அவங்க அம்மாதான் கேப்பாங்க."

அம்மாக்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணத்தன்று போட்ட ரவிக்கை அடுத்த ஆண்டு வளைகாப்புக்கு ஏறாது. உள்ளே துணி விட்டிருந்தால் பிரித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் பல ஆயிரம் கொடுத்துச் செய்த வேலை பீரோவுக்குள் போய்விடும். இன்று 'நீடித்த ஆடை' என்று விளம்பரங்களில் என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒன்றரை அங்குலம் போதுமான விளக்கமாகப் பட்டது.

இன்னொன்றும் அக்கா காட்டினார். கல்லைப் பசையால் ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சலவைக்குப் போட்டுவந்தால் பாதிக் கல் இருக்காது. நூலால் கட்டினால் கூலி கூடும், ஆனால் நிற்கும். வாங்குகிறவர்கள் ரவிக்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் அவருடைய குறை. மண்டபத்தை ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே பிடிக்கிறவர்கள், ரவிக்கைத் துணியோடு முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் வந்து நிற்கிறார்கள். அப்போது பசை தவிர வேறு வழியில்லை.

பொன்மலையிலிருந்து உறையூருக்குப் போனேன். கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் வரும் 'அர்காரு' துணி உறையூருடையது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பழைய சாயத்தொட்டி ஒன்றும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் இப்போது தறிச் சத்தம் கேட்கவேண்டுமென்றால் தேடித்தான் போகவேண்டும். உறையூர்ச் சேலை என்ற பெயர் நிற்கிறது, உறையூரில் தறி குறைந்துவிட்டது.

ஒரு வீட்டில் குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய பருத்திப் பாவு, மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. முதியவர் ஒருவர் நாடாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் தார் சுற்றினார்.

"கல்யாணத்துக்கு இது எடுப்பாங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"பொண்ணுக்கு எடுக்க மாட்டாங்கம்மா. பட்டுதான். ஆனா வச்சுக்குடுக்க எடுக்கலாமே? அதுக்கும் நைலக்ஸ்தான எடுக்கறாங்க."

அந்தப் பதில்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மணப்பெண்ணின் பட்டைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கைத்தறிப் பட்டாக, அசல் சரிகையாக இருந்தால் அது வீணாவதில்லை. மகளுக்குப் போகும், பேத்திக்குப் பாவாடையாகும், கிழிந்துபோனால்கூட வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கிப் போக ஆள் வரும். ஒரு கல்யாணத்தில் உண்மையில் வீணாவது அத்தைக்கும் சித்திக்கும் நாத்தனாருக்கும் தட்டில் வைத்துக் கொடுக்கும் சேலைகள். மொத்தக் கடையில் கட்டுக்கட்டாக எடுத்த செயற்கை இழைச் சேலை. வாங்கியவர் உடுத்தமாட்டார், அட்டை மடிப்பைக் கலைக்காமல் அடுத்த விசேஷத்தில் இன்னொருவர் தட்டில் வைப்பார். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய ஒரு சேலை சில வருஷம் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த இடத்தில் வரவேற்பு லெஹங்காவைச் சொல்வேன். மூன்று மணி நேரம் உடுத்துவதற்காகத் தைப்பது அது.

சாயத்தைப் பற்றியும் திருச்சிக்காரர்கள் யோசிக்கவேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடிய நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. நாம் குடிக்கிற தண்ணீர் நொய்யல் கலக்கும் இடத்துக்குக் கீழே காவிரியில் எடுப்பது. கைத்தறி என்பதாலேயே சாயம் நல்லதாகிவிடாது. கைத்தறிக்காரரும் பெரும்பாலும் ரசாயனச் சாய நூலைத்தான் வாங்குகிறார். ஒருமுறை சாயம் ஏற்றிய துணியை இருபது வருஷம் உடுத்துகிறோமா, ஒருநாள் உடுத்துகிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

திரும்பும் வழியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி தன் மாமியாரின் ஒன்பது கஜப் புடவையை எடுத்துக் காட்டினார். மாமியார் கல்யாணத்தில் உடுத்தியது, இவர் உடுத்தினார், மருமகளும் உடுத்தியாகிவிட்டது. மூவரும் மூன்று உடம்பு. தைக்காத துணிக்கு அந்தக் கவலை இல்லை. இப்போது தைத்து வைத்த ரெடிமேட் மடிசார் வந்துவிட்டதென்று அவர் சொன்னபோது முகம் கொஞ்சம் சுளித்தது. எனக்கும் அதில் சம்மதமில்லை. ஒரு நாள் வசதிக்காக மூன்று தலைமுறைத் துணியை ஒருவர் இடுப்புக்கு வெட்டிவிடுகிறார்கள்.

வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற வாரத்திலேயே கூட்டுறவுச் சங்கத்துக்கோ தெரிந்த நெசவாளர் வீட்டுக்கோ போய், வைத்துக்கொடுக்கும் சேலைகளைப் பருத்தியில் சொல்லிவிடுங்கள். நிறமும் கரையும் நீங்கள் கேட்டபடி கிடைக்கும், நெய்ய அவர்களுக்கும் நாள் கிடைக்கும். ரவிக்கைக்குக் கொடுக்கும்போது உள்ளே துணி விடச் சொல்லுங்கள், கல்லை நூலால் கட்டச் சொல்லுங்கள், அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.