இனிக்கும் கரைப்பான்

பூமிக்கு அடியிலிருந்து வருகிற இயற்கை வாயு ஈரமாக இருக்கும் என்பது எனக்கு எதிர் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். வளைகுடாவில் ஒரு கேஸ் ப்ளான்ட்டில் 22 வருஷம் ஆபரேட்டராக இருந்துவிட்டு, சிட்லபாக்கம் ஏரிக்குக் கிட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டவர். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கும்போது கூட வருவார். மற்றவர்கள் சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று பேசிக்கொண்டு நடக்க, இவர் வால்வு, பம்ப் என்று பேசிக்கொண்டு நடப்பார்.

"ஈரமா இருந்தா என்ன சார், கடைசியில எரிக்கத்தானே போறோம்?" என்றேன்.

"போய்ச் சேர்ந்தாத்தானே எரிக்கிறது? வழியிலயே குழாய் அடைச்சுக்கும்."

அடைத்துக்கொள்வது பனிக்கட்டி மாதிரி ஒரு வஸ்து. ஆனால் பனிக்கட்டி இல்லை. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்துக் கூண்டு கட்டி, நடுவில் மீத்தேனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹைட்ரேட் என்று பெயர். வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும் என்றுகூட இல்லை. பத்துப் பதினைந்து டிகிரியிலேயே கட்டியாகிவிடும். அமெரிக்காவில் கேஸ் குழாய்கள் அடைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று 1934-ல் ஹாமர்ஷ்மிட் என்பவர் எடுத்துச் சொன்னார்.

இதற்கு வைத்தியம் கிளைக்கால். உயரமான ஒரு கோபுரம். கீழேயிருந்து வாயு மேலே ஏறும். மேலேயிருந்து கிளைக்கால் தட்டுத் தட்டாக வழிந்து இறங்கும். இட்லிப் பாத்திரத்தை நாற்பது அடிக்கு நீட்டிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்தத் திரவத்துக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஓர் ஆசை. வாயுவில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த வாயு மேல் வழியாகக் குழாய்க்குப் போய்விடும். ஈரம் குடித்த கிளைக்காலைக் கிட்டத்தட்ட 200 டிகிரி வரை சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகிவிடும். மிச்சம் மறுபடி கோபுரத்துக்கு.

அந்த ஆவியில் தண்ணீர் மட்டும் இருக்காது. வாயுவோடு வந்த பென்சீன், டொலுவீன் எல்லாவற்றையும் கிளைக்கால் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, சூடு பட்டதும் விட்டுவிடும். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் மேல ஏறுவோம்" என்றார் எதிர் வீட்டுக்காரர், ஏதோ மொட்டை மாடியில் வடாம் காயப் போடுகிற விஷயம் போல. அது தனிக் கட்டுரைக்கான சமாசாரம்.

கிளைக்கால் ஒரு பெரிய குடும்பம். எத்திலீன் கிளைக்கால் உங்கள் கார் ரேடியேட்டரில் இருக்கிறது. பாலியெஸ்டர் சட்டைக்கும் அதுதான் மூலப்பொருள். டைஎத்திலீன் கிளைக்கால், அடுத்தது. ஆரம்ப காலத்தில் வாயுவை உலர்த்த இதைத்தான் உபயோகித்தார்கள். அதிகச் சூடு தாங்காததால், பெரும்பாலான இடங்களில் டிரைஎத்திலீன் கிளைக்கால் வந்துவிட்டது. இவர்களுக்கு ஒரு சாதுவான சொந்தக்காரர் உண்டு, புரோப்பிலீன் கிளைக்கால். மருந்துகளில் தண்ணீரில் கரையாத சரக்குகளைக் கரைக்க உதவுகிறவர். தூரத்து உறவாக கிளிசரின்.

சிக்கல் என்னவென்றால் எல்லாரும் ஒரே ஜாடை. நிறமில்லை. வாசனை இல்லை என்றே சொல்லலாம். கொழகொழவென்று இருப்பார்கள். நாக்கில் பட்டால் இனிப்பார்கள். டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்துவிட்டால் கண்ணால் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாது. விலையில் மட்டும் வித்தியாசம் உண்டு.

"ருசி பார்த்திருக்கீங்களா?"

"கிளவுஸ் கிழிஞ்சு கையில பட்டிருக்கு. வாயில வச்சதில்லை. முதல் நாள் ட்ரெய்னிங்லயே சொல்லிட்டாங்க, இது சர்பத் இல்லைன்னு."

2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குச் சாதாரண சளி, காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் போனார்கள். மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, சிறுநீர் நின்றுவிட்டது. நாக்பூர் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டயாலிசிஸ் செய்தும் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; பெரும்பாலோர் ஐந்து வயதுக்குள். டைஎத்திலீன் கிளைக்கால் உடம்புக்குள் போய் மாறி உண்டாகிற ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கொன்றுவிடுகிறது.

கோல்ட்ரிஃப் என்கிற அந்த சிரப் தயாரானது, நம்ம சுங்குவார்சத்திரத்தில். ஸ்ரீசன் பார்மா என்கிற கம்பெனி. சிட்லபாக்கத்திலிருந்து வண்டலூர், ஒரகடம் என்று போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவிகிதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மில்லி ஸ்பூனில் கிட்டத்தட்ட இரண்டரை கிராம். 'கலந்துவிட்டது' என்று சொல்ல முடியாத அளவு இது. பாட்டிலில் ஏறக்குறைய பாதி, கேஸ் ப்ளான்ட் திரவம். மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைக்காலை வாங்கி உபயோகித்திருக்கிறார்கள், 350-க்கு மேற்பட்ட குறைபாடுகள் என்றெல்லாம் ஆய்வறிக்கை சொன்னது. உரிமையாளர் கைதானார். லைசென்ஸ் ரத்தானது.

புதுசாக நடந்ததென்றால் ஆச்சரியப்படலாம். 1937-ல் அமெரிக்காவில் மாசங்கில் என்ற கம்பெனி, குழந்தைகளுக்கு வசதியாக சல்ஃபா மருந்தைத் திரவமாக்கியது. கரைப்பான், டைஎத்திலீன் கிளைக்கால். ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், விஷத்தை விற்றதற்காக அவர்கள்மேல் வழக்குப் போட அன்று சட்டம் இல்லை. 'எலிக்ஸிர்' என்று பெயர் வைத்தால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தப்பு என்றுதான் பிடித்தார்கள்! அடுத்த வருஷமே புதுச் சட்டம் வந்தது. ஃபார்முலா தயாரித்த கெமிஸ்ட் தற்கொலை செய்துகொண்டார்.

நம் ஊர்க் கணக்கும் நீளம். 1970-களின் தொடக்கத்தில் இதே சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் என்று கொடுத்ததில் 14 பேர். நீதிபதி லெண்டின் விசாரித்து மந்திரி வரைக்கும் கிழித்தார். 1998-ல் குர்கான். 2020-ல் ஜம்மு பக்கம் ராம்நகர். 2022-ல் காம்பியாவில் எழுபது குழந்தைகள்போல. அங்கே சந்தேகத்துக்குள்ளான சிரப்பும் இந்தியாவிலிருந்து போனதுதான். ஆஸ்திரியாவில் 1985-ல் ஒயினுக்குக்கூட இனிப்பு ஏற்ற இதைச் சேர்த்தார்கள். ஒயின் குடிப்பவர்கள் விழித்துக்கொண்டு உலகம் பூராவும் சத்தம் போட்டார்கள். குழந்தைகள் சத்தம் போட முடியாது.

கோல்ட்ரிஃப் செய்தி வந்த வாரம் எதிர் வீட்டுக்காரரின் பேத்திக்கு இருமல். மூன்றரை வயது. மகள் வேறொரு கம்பெனி சிரப் வாங்கி வைத்திருந்தாள். இவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாட்டிலை ஒரு மணி நேரம் படித்தார். மருந்துப் பெயர்கள் மில்லிகிராம் சுத்தமாகப் போட்டிருந்தது. கடைசி வரி: 'ஃப்ளேவர்டு சிரப் பேஸ், தேவையான அளவு.'

"பாருங்க" என்று என்னிடம் கொண்டுவந்தார். "பாட்டில்ல முக்கால்வாசி இந்த பேஸ்தான். அது என்னன்னு போடலை."

"கம்பெனி டெஸ்ட் பண்ணியிருப்பான் சார்."

"எங்க ப்ளான்ட்ல ஷிஃப்டுக்கு ஒரு தடவை கிளைக்கால் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பணும். அமிலம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, கலர் மாறியிருக்கா, எல்லாம் எழுதி கையெழுத்து. ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்டுனாலும் விட மாட்டான். ஏன் தெரியுமா? குழாய் அடைச்சா ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில நஷ்டம்."

மேலே ஒன்றும் சொல்லாமல் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

அந்தச் சோதனைக்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. மெல்லிய தகட்டில் ஒரு சொட்டு வைத்து, திரவம் ஏறுகிற உயரத்தைப் பார்த்துச் சொல்கிற குரோமட்டோகிராஃபி முறை உண்டு. கல்லூரி மாணவர்களே செய்வார்கள். செலவு குறைச்சல். டிரம்மைத் திறந்ததும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சிரப் வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகவே தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அக்டோபர் முதல் வாரமே அறிவித்துவிட்டது. பேத்திக்கு வெந்நீரும் ஆவியும் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் இருமல் போயிற்று. ஆறாம் நாள் எதிர் வீட்டுக்காரர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் மருந்துக் கடைக்குப் புறப்பட்டார். நானும் போனேன். பணம் திரும்ப வாங்குவதற்கில்லை. அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, "தம்பி, இந்த சிரப் பேஸ்னு போட்டிருக்கே, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

கடைப் பையன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரியாதையான பையன்.

"ஸ்வீட்டா இருக்கும் சார்" என்றான். "குழந்தைங்க துப்பாம குடிக்கும்."