சுவரில் ஒரு சொல் குறைகிறது!

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கவென்ட்ரி வந்துவிடும். கார் தொழிற்சாலைகளால் பெயர் வாங்கிய ஊர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் புனித மிக்கேல் பேராலயம். பழைய ஆலயத்துக்குக் கூரை கிடையாது. சுற்றிலும் சுவர், கண்ணாடி இழந்த ஜன்னல்கள், ஒரு கோடியில் சுமார் 90 மீட்டர் உயரக் கோபுரம். மழை பெய்தால் பீடம் நனையும்.

அந்தப் பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் இரண்டே சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழில் சொன்னால், 'பிதாவே, மன்னியும்'. புனித வெள்ளியன்று ஏழு வார்த்தை தியானத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஏதோ குறைவது உடனே தெரிந்துவிடும். சிலுவையில் இயேசு சொன்ன அந்த முதல் வார்த்தையில் 'இவர்களுக்கு' என்பதும் உண்டு. இங்கே அது இல்லை. இடம் போதாமல் விட்டதல்ல, தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.

1940 நவம்பர் 14. நல்ல நிலா வெளிச்சம். சாயங்காலம் தொடங்கி மறுநாள் விடியும் வரை ஜெர்மனியின் சுமார் 500 விமானங்கள் கவென்ட்ரி மீது குண்டு வீசின. விமான இன்ஜின் தயாரித்த தொழிற்சாலைகள் இருந்த ஊர் என்பது ஒரு காரணம். தொழிற்சாலைகளுக்கு நடுவில்தான் வீடுகளும் இருந்தன. இறந்தவர்கள் குறைந்தது 568 பேர். ஒரு நகரத்தை இப்படி அழிப்பதற்கு 'கவென்ட்ரி ஆக்குவது' என்று ஒரு புது வினைச்சொல்லையே ஜெர்மனியின் பிரசாரத் துறை உருவாக்கியது.

பேராலயத்தின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட் அன்றிரவு பதுங்கு குழியில் இல்லை. ஆலயத்தின் மீது நின்றார். கூடவே ஜாக் ஃபோர்ப்ஸ் என்ற கல்தச்சரும் இரண்டு இளைஞர்களும். விழுந்த எரிகுண்டுகளை மணல் போட்டும் தண்ணீர் ஊற்றியும் அணைத்தார்கள். ஒன்றை அணைப்பதற்குள் அடுத்தது விழுந்தது. நகரத்தில் தண்ணீரும் நின்றுபோனது. கண்ணெதிரே கோயில் எரிந்து விழுவதைப் பார்த்த மனிதர் இவர். பிற்பாடு இவர் சொன்னதைக் கேட்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஒன்றுமே இழக்காதவர்கள் மன்னிப்பைப் பற்றிப் பேசுவது சுலபம்.

இடிபாட்டுக்குள் கருகிய இரண்டு உத்தரங்கள் கிடந்தன. ஃபோர்ப்ஸ் அவற்றைக் கட்டிச் சிலுவையாக நிறுத்தினார். ஆர்தர் வேல்ஸ் என்ற உள்ளூர் குரு, கூரையிலிருந்து விழுந்த மூன்று பழைய ஆணிகளைச் சேர்த்து இன்னொரு சிலுவை செய்தார்.

அடுத்து நடந்ததைத் தேதி வாரியாகப் பார்க்க வேண்டும். டிசம்பர் 16 இரவு, கவென்ட்ரிக்குப் பதிலடியாக பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தின் மீது குண்டு வீசின. ஒன்பது நாள் கழித்து கிறிஸ்துமஸ். அன்று பி.பி.சி. வானொலி, கவென்ட்ரி இடிபாடுகளிலிருந்து ஹோவர்டின் பேச்சை ஒலிபரப்பியது. எவ்வளவு கடினமாக இருந்தாலும் பழிவாங்கும் எண்ணத்தை விரட்டுவோம், இன்னும் அன்பான ஓர் உலகத்தைக் கட்ட முயல்வோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். பிள்ளையைப் புதைத்து ஆறு வாரம்கூட ஆகாத பெற்றோர் இருந்த ஊர் அது. எல்லோராலும் அதை ஏற்க முடிந்திருக்காது. ஏற்காதவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

போர் முடிந்த பிறகு, 1948-ல் அந்த இரண்டு சொற்களைப் பொறிக்க வைத்தவரும் ஹோவர்ட்தான். 'இவர்களுக்கு' என்று எழுதியிருந்தால், அது யார் என்று ஊரில் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதற்குள் டிரெஸ்டனும் நடந்து முடிந்திருந்தது. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் அந்த ஜெர்மன் நகரத்தை எரித்தன. இறந்தவர்கள் 25,000 பேர் வரை. பாவம் செய்யாதவர் யாரும் இல்லை, மன்னிப்பு எல்லோருக்கும் தேவைப்படுகிறது என்பதுதான் விடுபட்ட சொல்லுக்குப் பேராலயம் தரும் விளக்கம்.

இன்னொன்றும் கவனிக்கலாம். செத்துப்போன 568 பேர் சார்பாக மன்னிக்க ஹோவர்டுக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சுவர் 'மன்னித்துவிட்டோம்' என்று சொல்லவில்லை. மன்னியும் என்று கேட்கிறது. கேட்பவர் நீதிபதி நாற்காலியில் இல்லை, கூண்டில் நிற்கிறார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் போனால், இந்த இடிபாட்டுக்குள் 1958-ல் எழுதப்பட்ட ஒரு ஜெபத்தைக் கேட்கலாம். நாடுகளுக்கும் இனங்களுக்கும் நடுவே உள்ள வெறுப்பு, பேராசை, பொறாமை, அகதிகள் மீதான அலட்சியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, கூடியிருப்பவர்கள் அதே இரண்டு சொற்களைப் பதிலாகச் சொல்கிறார்கள். எந்த நாட்டின் பெயரும் அதில் வராது.

ஒட்டியபடியே நிற்கும் புதிய பேராலயம், கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்தது. 1962-ல் அர்ப்பணிக்கப்பட்டது. வேல்ஸ் செய்த ஆணிச் சிலுவை அதன் பீடத்தில் இருக்கிறது. கருகிய உத்தரச் சிலுவையையும் பாதுகாப்புக்காக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பழைய பீடத்தில் இருப்பது நகல். அது தெரியாமல் நகலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம்!

1961-ல் ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர்கள், இங்கே இடிந்து கிடந்த அறைகளைச் சீரமைத்துக் கொடுத்தார்கள். 1965-ல் பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டுவீச்சில் சிதைந்த ஒரு மருத்துவமனையைத் திரும்பக் கட்டும் வேலையில் சேர்ந்தார்கள்.

அதே டிரெஸ்டனில் இடிந்து கிடந்த ஃப்ராவன்கிர்ஹே தேவாலயம் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எழும்பியது. அதன் உச்சிக்கான சிலுவை பிரிட்டனில் தயாரானது. செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற பொற்கொல்லர். அவருடைய அப்பா, டிரெஸ்டன் மீது குண்டு வீசிய விமானங்களில் ஒன்றை ஓட்டியவர். 2004-ல் அந்தச் சிலுவை மேலே ஏறியது. இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய சிலுவை, வளைந்து நெளிந்தபடியே தேவாலயத்துக்கு உள்ளே நிற்கிறது.