எட்டு லட்சமும் ஒரு முட்டியும்

தாய்லாந்து என்று சொன்னாலே ஆபீஸில் நாலு பேர் கண்ணடிப்பார்கள். எனக்கும் அடித்தார்கள். லீவு லெட்டரை நீட்டியபோது மானேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சியாங் மாயா? அது பாங்காக்கிலேருந்து எவ்வளவு தூரம்?"

"எழுநூறு கிலோமீட்டர் இருக்கும் ஸார். வடக்கே, மலையடிவாரம். கோயில் ஊர்."

"கோயிலா!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கடைசி வரை நம்பவில்லை.

நிஜமாகவே கோயில் ஊர்தான் ஸார். 1296-ல் மங்ராய் என்கிற ராஜா நிர்மாணித்த ஊர். சதுரமாக ஓர் அகழி. அதற்குள்ளே தெருவுக்குத் தெரு புத்தர் கோயில். மேற்கே மலைமேல் தோய் சுதேப் கோயிலின் தங்க ஸ்தூபி காலை வெயிலில் பளபளக்கிறது. ஊருக்குள் போக வர 'சோங்தேவ்' என்று சிவப்பு வண்டி. நம்ம ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன். கௌ சோய் என்று நூடுல்ஸ் மேல் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு வாய் சாப்பிட்டதும் திருநெல்வேலி சொதி ஞாபகம் வருகிறது.

ஊரின் இன்னொரு விசேஷம், வெள்ளைக்காரத் தாத்தாக்கள். காலையில் அகழிக்கரையில் வாக்கிங், எட்டு மணிக்குக் காபிக்கடை, பத்து மணிக்கு மார்க்கெட். வாடகை மலிவு, ஆஸ்பத்திரி சுத்தம், டிசம்பரில் இதமான குளிர். மார்ச், ஏப்ரலில் மட்டும் வயலையும் காட்டையும் எரிக்கும் புகை ஊரை மூடிக்கொள்ளும். மற்றபடி ரிடையர் ஆனவனுக்கு சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டேன், மூன்றாம் நாள் காலை வரை.

அன்றைக்குத்தான் தோய் சுதேப் போவதாகத் திட்டம். நான் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸின் கீழ் ரூமில் மாத வாடகைக்கு ஓர் ஆங்கிலேயப் பெரியவர். எண்பத்து நாலு வயது. படி இறங்கி வந்த என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல்.

"யங் மேன், உனக்கு இன்னிக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"கோயிலுக்கு..."

"கோயில் அறுநூறு வருஷத்துக்கு மேலா அங்கேதான் இருக்கு. என் விசா வெள்ளிக்கிழமையோட முடியுது. முட்டி சரியில்லை. இந்த ஃபைலைத் தூக்கிண்டு கூட வருவியா?"

அவர் 'தூக்கிண்டு' என்று சொல்லவில்லைதான். ஆனால் முகபாவம் அப்படித்தான் இருந்தது. எங்கள் தாத்தா ரேஷன் கடைக்குக் கூப்பிடும் அதே முகம். போனேன்.

ஏர்போர்ட் பக்கத்தில் இமிக்ரேஷன் ஆபீஸ். உள்ளே நுழைந்ததும் நம்ம ஊர் பாங்க்கில் ஒண்ணாம் தேதி பென்ஷன் வாங்கும் கூட்டம் மாதிரியே இருந்தது. கலர் மட்டும்தான் வேறு. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஃபைலைத் திறந்தார். டி.எம். 7 என்கிற விண்ணப்பம். பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜெராக்ஸ், ஒவ்வொரு ஜெராக்ஸிலும் கையெழுத்து. பாங்க் கடிதம். வீட்டுக்கு வழி காட்டும் மேப், கையால் வரைந்தது. அதில் நாய்கூட இருந்தது. "அடையாளத்துக்கு" என்றார்.

இங்கே ரிடையர்மென்ட் விசாவுக்கு ஐம்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். வேலை செய்யக்கூடாது. பாங்க்கில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். எட்டு லட்சம் பாட் என்பது நம்ம பணத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல். கட்டணம் 1,900 பாட். கிடைப்பது ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம். அடுத்த வருஷம் மறுபடி ஃபைல், மறுபடி நாய்.

நடுவில் தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை 'இன்ன விலாசத்தில் இருக்கிறேன்' என்று ரிப்போர்ட் செய்ய வேண்டும். தவறினால் 2,000 பாட் அபராதம். நம்ம மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பரில், உயிரோடு இருப்பதற்கு சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள். இவர் வருஷத்துக்கு நாலு தடவை கொடுக்கிறார். வெளிநாடு போய்வர வேண்டுமானால் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பர்மிட், ஒரு தடவைக்கு 1,000 பாட். அதை வாங்காமல் விமானம் ஏறினால் விசா அங்கேயே காலி.

"நடுராத்திரி தம்பி செத்துட்டான்னு போன் வந்தாலும் முதல்ல இதைத்தான் நினைக்கணும்" என்றார். அவருக்கு அப்படி ஒரு போன் வந்திருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

எங்கள் நம்பர் வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கைகூப்பி வணக்கம் சொல்லி, ஃபைலைப் புரட்டி, பாங்க் பாஸ்புக்கில் விரலை வைத்துப் புன்னகைத்தார். இன்றைய தேதிக்குப் பாஸ்புக்கில் பதிவு இல்லை. பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறதி! பாங்க்குக்கு ஓடி, ஒரு நூறு பாட்டாவது போட்டு, என்ட்ரி போட்டுக்கொண்டு வர வேண்டும். ஓடுவது என்பது பேச்சுக்கு. அவர் நொண்டிக்கொண்டே கிளம்பினார். நான் ஜாமீன் கைதி மாதிரி ஃபைலோடு உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஓர் அமெரிக்கத் தாத்தா. "உன் ஃப்ரெண்டு எந்த எழுத்து?" என்றார். கல்யாணத் தரகர் 'என்ன நட்சத்திரம்' என்று கேட்கிற தோரணை.

விஷயம் இதுதான். ரிடையர்மென்ட் விசாவில் 'ஓ' என்று ஒன்று, 'ஓ-ஏ' என்று ஒன்று. ஓ-ஏ என்பது சொந்த ஊர்த் தூதரகத்திலேயே வாங்கிக்கொண்டு வருவது. ரொம்ப நாள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2019 அக்டோபர் 31 முதல் ஓ-ஏ என்றால் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 4 லட்சம் பாட், வெளி நோயாளிக்கு 40,000 பாட். 2021-ல் அதையே 30 லட்சம் பாட் என்று உயர்த்தினார்கள். 2024 மே மாதம் பழைய அளவுக்கே இறக்க காபினெட்டில் முடிவானது. ஏறி இறங்கிய இந்த நடுவருஷங்களில், எழுபதைத் தாண்டியவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனியைத் தேடி இவர்கள் அலைந்திருக்கிறார்கள்.

"ஒரே ஓர் எழுத்து. அதுக்கு எத்தனை டாலர் தெரியுமா?" என்றார் அமெரிக்கர். அவர் ஓ-ஏ.

பெரியவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். அவர் 'ஓ'. அதனால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. அவர் கதை வேறு.

2006-ல், அறுபத்தைந்து வயதில், இங்கே வந்தார். அப்போது ஒரு பவுனுக்குச் சுமார் 70 பாட். 65,000 பாட் மாத வருமானம் காட்ட 930 பவுன் போதும். கம்பெனி பென்ஷனும் அரசாங்கப் பென்ஷனும் சேர்ந்து அது இருந்தது. தூதரகத்தில் ஒரு வருமானக் கடிதம் வாங்கி நீட்டினால் வேலை முடிந்தது. 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலக ஓட்டுப் போட்டது. பவுன் 50 பாட்டுக்குக் கீழே போனது. 2019-ல் 40-க்குப் பக்கத்தில் நின்றது. அதே 65,000-க்கு அப்போது 1,600 பவுன் வேண்டியிருந்தது. இவர் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காபிதான் குடித்தார். அதற்குள் ஏழையாகிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கப் பென்ஷன் வருஷா வருஷம் விலைவாசியோடு ஏறும். ஆனால் தாய்லாந்தில் போய் உட்கார்ந்தால் ஏறாது. வந்த நாள் தொகை வந்த நாள் தொகைதான். 2006-ல் முழு அடிப்படைப் பென்ஷன் வாரம் 84.25 பவுன். 2025-ல் இங்கிலாந்திலேயே இருப்பவருக்கு அது 176.45 பவுன். இவருக்கு இன்னும் 84.25! பிலிப்பைன்ஸில் குடியேறியிருந்தால் ஏறியிருக்கும். அந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவில் வந்து உட்கார்ந்தாலும் ஏறாது. உலக மேப்பை விரித்து வைத்துப் பார்த்தால் இதில் என்ன நியாயம் என்று யாருக்கும் விளங்காது.

கடைசி அடி 2019 ஜனவரி 1. வருமானத்தைச் சரிபார்த்துச் சொல்ல எங்களால் முடியாது என்று பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் அந்தக் கடிதம் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டன. இனி மாதம் 65,000 பாட் வெளிநாட்டிலிருந்து பாங்க்குக்கு வந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் எட்டு லட்சம். இவர் கடைசிச் சேமிப்பையெல்லாம் திரட்டி எட்டு லட்சம் போட்டார். அதே வருஷம் அந்த எட்டு லட்சத்துக்கும் புது விதி வந்தது. விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே பணம் இருக்க வேண்டும். விசா கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது. மீதி ஏழு மாதத்தில் நாலு லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது.

"முட்டிக்கு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு" என்றார் பெரியவர். "இன்ஷூரன்ஸ் கிடையாது. இந்த வயசுல எவன் தருவான்? பணம் இருக்கு. இதோ பாஸ்புக்லயே இருக்கு. ஏழு மாசத்துல நாலு லட்சம் எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பிப் போடணுமே! வாரம் 84 பவுன்காரன் எங்கே போவான்? முட்டியைச் சரி பண்ணினா நாடு போயிடும். நாட்டை வச்சுண்டா முட்டி போயிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப ஊருக்கே போயிடலாமே ஸார்? பென்ஷன் ஏறும், ஆஸ்பத்திரி இலவசம்..."

"அங்கே எனக்கு யாரைத் தெரியும்? பத்தொன்பது வருஷம் ஆயிடுத்து. இங்கே காபிக்கடைப் பெண்ணுக்கு எனக்கு எத்தனை சர்க்கரைன்னு தெரியும். ரெண்டு நாள் நான் வரலைன்னா ஆள் அனுப்பறா. அதுக்கு எந்த ஃபாரம்ல எழுதிக் கேக்கறது?"

இதில் ஒரு வேடிக்கை. இதற்கு முன்னால் 1998-ல் இதே நாடு விதியைக் கடுமையாக்கியபோது, அந்த வருஷம் அக்டோபர் 21-க்கு முன் வந்து தொடர்ந்து தங்கியிருந்த அறுபது வயதுக்காரர்களுக்கு மட்டும் 2 லட்சம் பாட் போதும் என்று விலக்குக் கொடுத்தது. பழைய விருந்தாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்கிற பண்பு. 2019-ல் அது இல்லை. நேற்று வந்தவருக்கும் பதின்மூன்று வருஷம் இருந்தவருக்கும் ஒரே விதி. ஒரு நாடு தன் விதியை மாற்றிக்கொள்ளட்டும். அது அவர்கள் வீடு. ஆனால் இலை போட்டு உட்கார்ந்தவனிடம், சாம்பார் ஊற்றிய பிறகு சாப்பாட்டு ரேட்டை ஏற்றினால் எப்படி?

பணக்காரருக்குக் கவலை இல்லை. 2022 செப்டம்பரில் பத்து வருஷ விசா ஒன்று வந்தது. வருஷம் 80,000 டாலர் வருமானம் உள்ள பென்ஷன்காரருக்குத் தனி வரிசை.

மறுபடி நம்பர். இந்தத் தடவை எல்லாம் சரி. டமால் என்று முத்திரை விழுந்தது. பெரியவர் அந்தப் பக்கத்தைப் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையன் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வருஷம் நான் சியாங் மாய்க்காரன்!"

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு கௌ சோய் வாங்கிக் கொடுத்தார். பிறகு, பழைய சிநேகிதர் ஒருவருக்குப் பூ வைக்க வேண்டும் என்று பிங் நதியைத் தாண்டி அழைத்துப் போனார். ஜிம்கானா கிளப்புக்குப் பக்கத்தில் வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டம். 1898-ல் சூலலாங்கோர்ன் மன்னர் கொடுத்த நிலம். தேக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள், பாதிரிமார்கள், சிப்பாய்கள் என்று வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நடுவே விக்டோரியா மகாராணி சிலை. பழைய பிரிட்டிஷ் கான்சலேட்டில் இருந்தவர். அதை மூடியதும் இங்கே குடிவந்துவிட்டார். அவரும் ரிடையர்மென்ட்தான் போலிருக்கிறது.

இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கலாம், அதுவும் கட்டடத்தில் 49 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. எத்தனை வருஷம் ரிடையர்மென்ட் விசாவில் இருந்தாலும் அது தானாக நிரந்தரம் ஆகாது. பெரியவர் பூவை வைத்துவிட்டு, தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"இவனைப் பாரு. இவன்தான் எங்க கூட்டத்திலேயே பர்மனென்ட். தொண்ணூறு நாள் ரிப்போர்ட் கிடையாது."

திரும்பும்போது சோங்தேவில் ஏற, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். நான் கை கொடுத்தேன். தோய் சுதேப் அன்றைக்கும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. கீழேயிருந்தே ஒரு கும்பிடு.

ஆபீஸ் திரும்பியதும் மானேஜர் கேட்டார்: "என்னய்யா, கோயிலெல்லாம் பார்த்தியா?"

"ஒரு இமிக்ரேஷன் ஆபீஸ், ஒரு கல்லறைத் தோட்டம் பார்த்தேன் ஸார்."

ஆபீஸே சிரித்தது. நான் பி.எஃப். ஸ்லிப்பை எடுத்து மேஜையில் வைத்துக் கணக்குப் போட்டேன். வாடகைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'அவர்கள் விதியை மாற்றினால்' என்று. அதற்கு எதிரே எவ்வளவு எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.