மேல் இலை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் அனுப்பியிருந்தான். ஐந்திலும் புகையிலை. கீழே ஒரு கேள்வி: "டீச்சர், இதுல எதை எடுக்கலாம்?"

ஜவுளிக் கடையில் நின்றுகொண்டு புடவையைப் படம் எடுத்து அனுப்பி இப்படிக் கேட்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியையிடம் புகையிலையைக் காட்டிக் கேட்டவன் இவன் ஒருவன்தான் இருப்பான்.

அவன் அமெரிக்காவில் மியாமியில் வேலை பார்க்கிறான். அங்கே கியூபாக்காரர்கள் அதிகம் வாழும் பகுதியில் கண்ணெதிரே சுருட்டு சுற்றித் தரும் கடைகள் உண்டு. அவனுடைய மேலாளர் ஓய்வு பெறுகிறாராம். இருபது சுருட்டு கொண்ட ஒரு பெட்டி, அவருக்கென்றே தனிக் கலவையில் செய்து கொடுக்க அலுவலகத்தில் எல்லோரும் பணம் போட்டிருக்கிறார்கள். உள்ளே வைக்கும் இலையை முடிவு செய்துவிட்டார்கள். மேல் இலை எது என்பதில் இரண்டு கட்சி. "நான் பிடிக்கறது இல்ல டீச்சர், சத்தியமா" என்று தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தான். நம்புகிறேன்.

என்னிடம் ஏன் கேட்டான் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் புகையிலையின் தீமைகள் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இவன் எழுந்து, "டீச்சர், உங்க வீட்ல யாராவது பிடிப்பாங்களா?" என்றான். வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விகளை நான் தாண்டிப் போய்விடுவேன். அன்று என்னவோ, "எங்க அப்பா பிடிச்சார். பிடிச்சது மட்டும் இல்ல, செஞ்சார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. முப்பத்தாறு வருட சர்வீசில் வகுப்பறையில் நான் அதைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

நான் உறையூர்க்காரி. எங்கள் தெருவில் ஒரு பக்கம் தறிச் சத்தம், இன்னொரு பக்கம் புகையிலை நெடி. திருச்சி சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறிப் போனது. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிப்பார். ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் அதைப் படித்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "சாம்பலை வெச்சா? ஆளு கெட்டிக்காரன்தான்" என்றார். அதற்கு மேல் அவர் ஆச்சரியப்படவில்லை.

சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே வைக்கும் இலை, அதைப் பிடித்து நிறுத்தும் இலை, மேலே சுற்றும் இலை. உள் இலை எங்களுக்குத் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்திலிருந்து வரும். ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்று இலையின் வடிவத்தை வைத்தே பெயர். வேடசந்தூரில் 1948இல் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஆனால் மேல் இலை வேறு சங்கதி. அது மெல்லிசாக இருக்க வேண்டும், இழுத்தால் நீள வேண்டும், ஓட்டை கூடாது, நரம்பு தடிக்கக் கூடாது. அதற்கு வங்காளத்தின் கூச்பிஹார் பக்கத்து இலையை வாங்குவார்கள். வசதியான காலத்தில் ஜாவா, சுமத்ரா இலை வந்தது என்று அப்பா சொல்லுவார்.

வீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. மேல் இலையின் நடு நரம்பை உருவினால் இலை இரண்டு பாதியாகும். இடப்பக்கப் பாதியில் கிளை நரம்புகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வலப்பக்கப் பாதியில் எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே திசையில் சுற்ற முடியாது. சுற்றினால் நரம்பு குறுக்கே எழும்பி நிற்கும். அதனால் இடது தனியாக, வலது தனியாக, ஈரச் சாக்குக்குள் பிரித்து அடுக்க வேண்டும். ஏழு வயதிலேயே எனக்கு அது வந்துவிட்டது. பிற்காலத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடது வலது சொல்லித்தர நான் வேப்பிலையைக் கிழித்துக் காட்டியதற்கு அதுதான் மூலம். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார். சும்மா தோன்றியது என்றேன்.

தனிக் கலவை என்று மாணவன் எழுதியதும் எனக்கு ஞாபகம் வந்தவர் பொன்மலையில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர். ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர். 1973 என்று நினைவு, எனக்குப் பதினாலு வயது. சைக்கிளில் வருவார். அப்பாவுக்கு அவர் "தொரை", அவருக்கு அப்பா "மேஸ்திரி". கன்னங்கரேலென்று காரமான சுருட்டு ஒரு நாளைக்கு ஏழெட்டு பிடித்துக்கொண்டிருந்தவர். டாக்டர் பயமுறுத்தி ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

"ஒண்ணுதான் மேஸ்திரி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு மணி நேரம் நிக்கணும். காரம் கம்மியா இருக்கணும், ஆனா கருப்பா இருக்கணும்."

கருப்பு வேண்டும் என்பதில்தான் சிக்கல். அப்பா முதலில் அவர் சொன்னபடியே தடித்த கருப்பு இலையை மேலே சுற்றி இரண்டு செய்து கொடுத்தார். மறுநாளே சைக்கிள் வந்துவிட்டது. உள்ளே கனிந்துகொண்டு போகிறது, மேல் இலை எரியாமல் அப்படியே குழாய் மாதிரி நிற்கிறது, இழுக்க இழுக்க அணைகிறது. காரத்தைக் குறைப்பதற்காக உள்ளே அடி இலையைச் சேர்த்திருந்தார் அப்பா. செடியில் அடியில் இருக்கும் இலை மெல்லிசு, காரம் குறைவு, சீக்கிரம் எரியும். உச்சி இலை தடிப்பு, காரம், மெதுவாக எரியும். உள்ளே அடி இலையை வைத்துவிட்டு வெளியே கம்பளி போர்த்தினால் எப்படி?

அடுத்து, டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியிருந்த கொஞ்சம் ஜாவா இலையை எடுத்தார். பட்டு மாதிரி இருக்கும். ஆனால் பழசு. ஈரம் காட்டிப் பதப்படுத்திச் சுற்றினார், சுற்றும்போது அருமையாக வந்தது. திருச்சி சித்திரை வெயிலில் இரண்டு நாளில் நெடுக வெடித்தது.

கடைசியாகக் கூச்பிஹார் இலை. வெளிர் பழுப்பு. அப்பா அதைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பாதியை எடுத்து இடது புறங்கையில் படரவிட்டு, முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். விரல் முட்டிகளின் மேல் அது தோல் மாதிரி ஒட்டிப் படிந்தது. கிழியாதா என்று பார்த்தார், விட்டதும் திரும்பச் சுருங்குகிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு ஓரத்தைக் கிள்ளி நெருப்பில் காட்டி, கங்கு எப்படி ஊர்கிறது என்று பார்த்தார். அதே மாதிரி உள் இலையையும் கிள்ளிக் காட்டினார். இரண்டும் ஒரே வேகத்தில் ஊரும் வரை உள் கலவையை மாற்றிக்கொண்டே இருந்தார். மூன்று ராத்திரி. அம்மா திட்டினாள், இரண்டு ரூபாய் சாமானுக்கு இந்தப் பாடா என்று.

தொரைக்கு நிறம் பிடிக்கவில்லை. "என்ன மேஸ்திரி, பீடி மாதிரி இருக்கு" என்றார். அப்பா அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பற்றவைத்துக் கொடுத்தார். பாதி முடியும் வரை மனிதர் பேசவில்லை. அதன் பிறகு மாதம் முப்பது. நாலு வருடம். அப்புறம் ஒரு மாதம் வரவில்லை. அந்தக் கட்டை அப்பா யாருக்கும் விற்காமல் மாடத்தில் வைத்திருந்தார், புழு விழும் வரை.

இனி மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அனுப்பிய ஐந்தில் ஒன்று பச்சை. பறித்ததும் சூட்டில் வேகமாகக் காயவைத்தால் பச்சை தங்கிவிடுமாம். ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் இலை. வெயில் நேராகப் படாமல் வயலுக்கு மேல் துணிப் பந்தல் போட்டு வளர்ப்பது, 1900 முதல் அங்கே அந்த வழக்கம். ஒன்று அதே கனெக்டிகட்டில் பந்தலில்லாமல் வெயிலில் வளர்த்து, குவித்து நாள்பட வேகவிட்ட கருத்த அகல இலை. மற்ற இரண்டும் எக்வடோரில் விளைந்தவை. ஒன்று கனெக்டிகட் விதை, இன்னொன்று கியூபா வகை. எக்வடோரில் பந்தலே தேவையில்லை, மேகம் மூடியே கிடக்கும் என்பதைப் படித்து மகிழ்ந்துபோனேன்.

அலுவலகத்தில் பாதிப் பேர் கருப்பு இலைக்குக் கட்சி. பார்க்கக் கம்பீரம், காரமாக இருக்கும் என்கிறார்களாம். நிறத்துக்கும் காரத்துக்கும் நேரான கணக்கு கிடையாது. நாள்பட வெந்த கருப்பு இலை இனிப்பாகக்கூட இருக்கும். ருசி பெரும்பாலும் மேல் இலையில்தான் என்று கடைக்காரர் சொன்னாராம். அதற்கு ஒரு கணக்கு எழுதி அனுப்பினேன், பழக்கதோஷம். அவர்கள் தேர்ந்தெடுத்த தடிமன் 54. அதாவது அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 54 பங்கு விட்டம். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் மேலே சுற்றும் இலை இரண்டு மடங்காகும், உள்ளே போகும் இலை நாலு மடங்காகும். ஆக, ஒல்லிச் சுருட்டில் மேல் இலை பேசும் அளவுக்குத் தடித்ததில் பேசாது. தடித்ததையே எடுப்பதானால் ருசியை உள்ளே தேடு. மேல் இலையில் எரியும் வேகத்தைப் பார் என்றேன். "டீச்சர், இது எட்டாங்கிளாஸ் கணக்கு" என்று சிரிப்புப் பொம்மை போட்டான்.

படத்தைப் பார்த்து இலை சொல்ல முடியாது, ஆகவே இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். ஒன்று, அதே உள் கலவையில் மூன்று மேல் இலை போட்டு ஒவ்வொன்று செய்யச் சொல்லி, பிடிக்கத் தெரிந்த யாரிடமாவது கொடுத்து, கங்கு நேராகப் போகிறதா என்று பார். இரண்டு, சுற்றுகிறவரை இலையை இழுத்துக் காட்டச் சொல்லி வீடியோ அனுப்பு.

வீடியோ வந்தது. முகம் தெரியவில்லை, கை மட்டும். வயதான பெண்மணியின் கை, நகமெல்லாம் பழுப்பேறியது. இலையை எடுத்தார். புறங்கையில் படரவிட்டார். முனையைப் பிடித்து இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் ஈரத்துணிக்கு அடியில் இரண்டு அடுக்கு தெரிந்தது, இடது ஒன்று, வலது ஒன்று. பதினெட்டு நொடி வீடியோ. எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். என் மருமகள் வந்து, "அத்தை, என்னாச்சு?" என்று கேட்டாள்.

அப்பா 1986இல் போனார். இருமி இருமித்தான் போனார். பிடித்ததாலா, வருடக்கணக்காக அந்தத் தூளில் உட்கார்ந்திருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அந்தப் பொருள் நல்லதென்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதவைத்தது நான்தான். பெயின்டர் எழுத்துப் பிழை விட்டபோது நானே தூரிகையை வாங்கித் திருத்தினேன்.

ஆனால் இன்னொன்றையும் எழுத வேண்டும். 1976இல் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் "விவசாயம்" என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து வி, வ, சா என்று படித்தார். அந்தப் பயிற்சிக்குக் கட்டப்போகும் பணத்தில் தொரை கொடுத்த மாதப் பணமும் இருந்தது.

"இலை வேலைதானே பாப்பா. சரிதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றையும் பிடித்துப் பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னதை நேற்று மாணவன் அனுப்பினான். கருப்பு இலை ஒரு பக்கமாக அணைந்துகொண்டே இருந்ததாம். அதை எதிர்பார்த்தேன். எக்வடோரில் விளைந்த வெளிர் இலைதான் சரியாக வரும் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். அது உள் இலையை முந்திக்கொண்டு எரிந்ததாம். அவர்கள் உள்ளே உச்சி இலையை நிறைய வைத்திருக்கிறார்கள், அதை நான் கேட்கவே இல்லை. நடுத்தரப் பழுப்பில் இருந்த மற்ற எக்வடோர் இலைதான் கடைசி வரை நேராகப் போனது. அதையே சொல்லிவிட்டார்கள்.

பெட்டியின் மேல் ஏதாவது பெயர் அச்சடிக்க வேண்டுமாம். என்ன போடலாம் டீச்சர் என்று கேட்டான். உங்கள் மேலாளர் பெயரைப் போடு, அவருக்குத்தானே என்றேன். "உங்க அப்பா பேர் என்ன டீச்சர்?" என்று இன்னொரு செய்தி வந்திருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.